நிர்வாகப் பொறுப்பாளர், கூத்தாநல்லூர்

கூத்தாநல்லூர்,
26-4-1997

அன்புள்ள மாப்பிள்ளை ஷஹ்பாஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கு அனைவரும் நலம். எனக்கு இரத்த அழுத்தம் முன்பிருந்த அளவிலேயே நிற்கிறது. மாத்திரையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. தங்கை ஹலீமா பெருநாளுக்கு முத்துப்பேட்டையிலிருந்து வந்து, ஒரு வாரம் எங்களோடு இருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினாள். அல்வாராவில் ஆட்சி மாறியபின் தங்கள் உடல்நிலையும் பல்கலைக்கழக வேலையும் எப்படி இருக்கின்றன என்பதை முதலில் எழுதவும்.

இனி, விஷயம். சென்ற செவ்வாயன்று அமெரிக்காவிலிருந்து எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. உலக நாடுகளின் இன்டர்நெட் பெயர்களுக்குப் பட்டியல் வைத்திருக்கும் அலுவலகம் என்று அதில் தம்மைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். "அல்வாரா குடியரசின் பெயர்ப் பட்டியலுக்கு நிர்வாகப் பொறுப்பாளர் என்ற முறையில், அந்தப் பொறுப்பைத் தகவல்தொடர்பு அமைச்சகத்துக்கு மாற்றித்தரத் தங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டிருக்கிறார்கள். பெயர் என்னுடையது. கதவு எண் என்னுடையது. மாவட்டம் மட்டும் தஞ்சாவூர் என்றிருக்கிறது. நாம் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினமாகி, இந்த ஜனவரி முதல் திருவாரூராகிவிட்டோம் என்பது அவர்களுக்கு எட்டவில்லை.

தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது, "என்ன வக்கீல் சார், இந்த வயசுல வெளிநாட்டு உத்தியோகமா?" என்று கேட்டார். வீட்டில் அனீஸா கண்ணாடி போட்டுக்கொண்டு வரைபடத்தில் அரைமணி நேரம் தேடியும் அல்வாரா அகப்படவில்லை.

எதிலும் கையெழுத்திட்டதாக எனக்கு நினைவில்லை. இட்டிருந்தால் நினைவிருக்கும். விளக்கம் எழுதவும். அதுவரை அவர்களுக்கு நான் பதில் அனுப்பப் போவதில்லை.

தங்கள் நலம் நாடும்,
ஜெக்கரியா


அல்வாரா பல்கலைக்கழகம்,
9-5-1997

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நலமாக இருக்கிறேன். அனீஸா அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? அல்வாராவை வரைபடத்தில் அச்சிட்டிருக்க மாட்டார்கள். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி இருந்தால், அதுதான்.

முதலில் மன்னிப்பு. நான்கு வருடங்களுக்கு முன் இந்தத் தீவுக்கு இன்டர்நெட் கொண்டுவந்தபோது, கணினித் துறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு எழுத்து உண்டு. அந்த நாட்டு முகவரிகளெல்லாம் அந்த எழுத்தில் முடியும். அல்வாராவின் எழுத்தைப் பெற அமெரிக்கா ஒரு படிவம் கேட்டது. தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அதற்கு மேலே நிர்வாகப் பொறுப்பாளர் என்று ஓர் இடம் காலியாக இருந்தது. நம் ஊர்க்காரன் படிவத்தில் இரண்டாவது பெயர் கேட்டால் என்ன செய்வான்? எல்.ஐ.சி., வங்கி, வைப்பு நிதி எல்லாவற்றிலும் எனக்குப் பின் யார் என்ற இடத்தில் உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். கை அப்படியே எழுதிவிட்டது. நிலையான முகவரி என்று கேட்டார்கள். இங்கே பன்னிரண்டு வருடத்தில் ஏழு வீடு மாறியிருக்கிறேன். முத்துப்பேட்டை வீட்டுக்கு அப்போது கூரை போடவில்லை. நிலையானது என்றால் உங்கள் வீடுதான்.

அந்த இடத்தில் இருப்பவர் சொன்னால்தான் பட்டியல் கைமாறும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மாற்ற நினைத்தேன். ஒரு நாட்டுப் பட்டியலைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

இப்போது கேட்கிறார்கள். மார்ச் மாதம் ஒரு காலையில் ரேடியோவில் செய்திக்குப் பதிலாக பேண்டு வாத்தியம் நான்கு மணி நேரம் வாசித்தது. அப்புறம் புதிய ஆட்சி. அமைச்சகத்தின் புதிய செயலாளர் எங்கள் கட்டடத்துக்கே வந்து, "நாட்டின் பெயர் எங்கே இருக்கிறது?" என்றார். மேசைக்கு அடியில் இருந்த இயந்திரத்தைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. பொறுப்பாளர் இந்தியாவில் இருக்கிறார், அவரைக் கேட்காமல் நான் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டேன். உங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஹலீமாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
ஷஹ்பாஸ்


கூத்தாநல்லூர்,
24-5-1997

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஸலாம். தங்கள் கடிதம் கிடைத்தது. அனீஸாவின் முழங்கால் மாடிப்படி ஏறாதவரை ஒத்துழைக்கிறது. மன்னார்குடி நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. ஆகவே வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

என்னைக் கேளாமல் என் பெயரை எழுதியது தவறு. அதைப் பதிவுசெய்துவிட்டு மேலே செல்கிறேன்.

புரியாத ஆவணத்தில் நான் கையெழுத்திடுவதில்லை. சம்மதம் என்றும் எழுத முடியவில்லை. சம்மதமில்லை என்றும் எழுத முடியவில்லை. அமைச்சகத்தின் கோரிக்கையை முழு அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாட்டின் பெயர் கூத்தாநல்லூர் வக்கீல் ஒருவனின் அலமாரியில் இருக்க வேண்டும் என்பதற்கு என்ன நியாயம்? நாளை நமது நாட்டுப் பெயர் அல்வாராவில் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது என்றால் நாம் சும்மா இருப்போமா?

ஆகவே இவற்றைத் தெளிவாக்கவும். அந்தப் பட்டியலில் இருப்பது என்ன? அது கைமாறினால் அவர்களால் செய்யக்கூடியது, இப்போது செய்ய முடியாதது, ஏதேனும் உண்டா? உண்டென்றால் அதனால் பாதிக்கப்படுவது யார்? உணர்ச்சி கலக்காமல் எழுதினால் போதும்.

ஹலீமாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவளிடம் ஒன்றை மறைப்பது எனக்கு எப்போதும் கைவராத வேலை.

இங்ஙனம்,
ஜெக்கரியா


அல்வாரா,
11-6-1997

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். அனைவரும் நலம் என நம்புகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை, தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு.

பட்டியலில் இருநூற்றுப் பதினான்கு பெயர்கள் இருக்கின்றன. துறைமுகம், மருத்துவமனை, பள்ளிகள், இரண்டு ஹோட்டல், ஆசிரியர் சங்கம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எந்த இயந்திரத்தைக் குறிக்கிறது என்று ஓர் எண் இருக்கும். அவ்வளவுதான். அந்த எண்ணை மாற்றினால், பெயருக்குப் போக வேண்டிய கடிதங்கள் வேறு இயந்திரத்துக்குப் போகும். தபால்காரர் உங்கள் பெயருக்கு வரும் தபாலையெல்லாம் எதிர்வீட்டில் போடுவது மாதிரி. எழுதியவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பார்.

ஆசிரியர் சங்கம் ஏப்ரலிலிருந்து வேலைநிறுத்தம் செய்கிறது. தீவு முழுவதிலிருந்தும் ஆசிரியர்கள் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் எழுதுகிறார்கள். தபாலை அரசு பிரிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைக்கூட ஊருக்கு வரும் ஒருவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். அமைச்சகச் செயலாளர் என்னிடம் கேட்டது இருநூற்றுப் பதினான்கில் அந்த ஒன்றைத்தான். அதை அமைச்சகத்தின் இயந்திரத்துக்குத் திருப்பச் சொன்னார். என்னால் அரை நிமிடத்தில் முடியும். முடியாது என்று சொன்னேன். பட்டியல் அவர்கள் கைக்குப் போனால் அவர்களே அரை நிமிடத்தில் செய்துகொள்வார்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்.

உங்களுக்கு இங்கே பெரிய மரியாதை. "டாக்டர் ஜெக்கரியா என்ன சொல்கிறார்?" என்று வாரத்துக்கு இரண்டு முறை கேட்கிறார்கள். ஏதோ பெரிய நிறுவனத்தின் தலைவர் என்று நினைப்பு. நான் மறுக்கவில்லை.

ஜூன் விடுமுறைக்கு வர இயலாது. குடியிருப்பு முத்திரைக்காகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். சாதாரண நடைமுறைதான்.

அன்புடன்,
ஷஹ்பாஸ்


கூத்தாநல்லூர்,
5-7-1997

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஸலாம். இங்கு அனைவரும் நலம். பாமணி ஆற்றில் இன்னும் மணல்தான். குறுவை போட்டவர்கள் போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கிறார்கள். அது இல்லாதவர்கள் என்னிடம் வந்து பக்கத்து வயல்காரன் மேல் வழக்குப் போடச் சொல்கிறார்கள்.

சென்ற திங்களன்று சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பெயர் வைத்தியலிங்கம். கிராம்பு, ஏலம் இறக்குமதி செய்யும் கப்பல் ஏஜென்ட். அதோடு அல்வாராவின் கௌரவத் தூதர். குமாஸ்தா சிங்காரவேலு அவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "கொடிக் கம்பு பழசு, கொடி மட்டும் புதுசா இருக்கு சார்" என்று என் காதில் சொன்னார்.

வந்தவர் நல்ல மனிதராகவே தெரிந்தார். "சார், எனக்குக் கிராம்பு தெரியும், கம்ப்யூட்டர் தெரியாதுங்க. முந்தி இருந்தவங்களுக்கும் நான்தான், இப்ப இருக்கறவங்களுக்கும் நான்தான். இந்த லெட்டர்ல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்" என்றார்.

"அவ்வளவுதான்னு சொல்லி வாங்கின கையெழுத்தாலதாங்க முப்பது வருஷமா எனக்குக் கேஸ் வருது."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "உங்க மாப்பிள்ளை நல்லா இருக்காருன்னு சொல்லச் சொன்னாங்க" என்றார்.

"நான் அவரைப் பத்திக் கேக்கவே இல்லையே."

அதன்பின் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அனீஸா கொடுத்த தேநீர் அப்படியே இருந்தது.

பதவியிழந்த அரசின் பெயரில் டெல்லியிலிருந்தும் ஒரு ஃபேக்ஸ் வந்திருக்கிறது. எக்காரணத்தைக் கொண்டும் கையெழுத்திடக் கூடாது, வரலாறு என்னைப் போற்றும் என்று இரண்டு பக்கம். அதில் தங்கள் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

இரு தரப்பாருக்கும் ஒரே பதிலை அனுப்பியிருக்கிறேன்: வழக்கில் உள்ள சொத்துக்கு நீதிமன்றம் அமர்த்தும் பொறுப்பாளனைப் போல, உரிமை தெளிவாகும்வரை உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும் என்பது என் நிலை. சட்டப்படி இதில் பிழை இல்லை என்றே கருதுகிறேன். ஆனால் தபாலில் சேர்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை.

பாஸ்போர்ட் திரும்ப வந்ததா? ஒரே சொல்லில் எழுதினால் போதும்.

ஜெக்கரியா


முத்துப்பேட்டை,
18-8-1997

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ஸலாம். நீங்களும் அண்ணியும் நல்லா இருப்பீங்க. நான் எப்படி இருக்கேன்னு கடைசியில எழுதுறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் அவங்க போன் பண்ணுவாங்க, நான் பஸ் ஸ்டாண்டு பூத்துல போய் உக்காந்திருப்பேன். இது உங்களுக்குத் தெரியும். ஆறு வெள்ளிக்கிழமையா போன் இல்லை. பூத்துக்காரரே பாவப்பட்டு, "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, வந்தா ஆள் அனுப்புறேன்"ங்கறார்.

நேத்து அடியக்கமங்கலத்துக்காரர் ஒருத்தர் அல்வாராவுலேர்ந்து வந்து வீடு தேடி வந்தார். அங்க ஹோட்டல்ல வேலை பாக்குறவர். அவங்கள ஜூலை மாசமே காலேஜுலேர்ந்து அமைச்சகத்துக் கார்ல கூட்டிட்டுப் போய்ட்டாங்களாம். ஏதோ விருந்தினர் விடுதியாம், வாசல்ல துப்பாக்கியோட ஆளாம். வந்தவருக்கு அங்க சோறு கொண்டுபோய்க் குடுக்கிற வேலை. அவர் சொல்றார், "ஜெக்கரியான்னு ஒரு பெரிய ஆளு கையெழுத்துப் போட்டா விட்டுருவாங்களாம்மா. யாரும்மா அந்த ஜெக்கரியா? கல்நெஞ்சக்காரனா இருப்பான் போல"ன்னு. என்னையே கேக்குறார்.

போன மாசம் இங்க வந்தீங்க. கொடுவா மீன் குழம்பு வச்சுக் குடுத்தேன். நல்லாருக்குன்னு ரெண்டாவது தடவை ஊத்திக்கிட்டீங்க. அப்பவும் உங்களுக்குத் தெரியும். சொல்லலை. கோர்ட்டுல வாய்தா வாங்குற மாதிரி எங்கிட்டயும் வாய்தா வாங்கிட்டீங்க.

அந்த நாட்டு வாத்தியாருங்க கஷ்டப்படுவாங்கன்னு அவரும் ஏதோ சொன்னார். எனக்கு அவங்க யாரையும் தெரியாதுண்ணே. போட்டுருங்க. நான் உங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு நகை கூடக் கேட்டதில்லை.

நான் நல்லா இல்லை.

ஹலீமா


அல்வாரா,
25-8-1997

மரியாதைக்குரிய ஜெக்கரியா அவர்களுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். அமைச்சகத்தின் விருந்தினராகத் தங்கியிருக்கிறேன். உணவும் மருத்துவமும் குறைவின்றி வழங்கப்படுகின்றன.

நாட்டின் பெயர்ப் பட்டியல் நாட்டின் அரசிடம் இருப்பதே முறை என்று நான் இப்போது கருதுகிறேன். தாங்கள் தாமதிக்காமல் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இது என் சொந்த விருப்பத்தின் பேரில் எழுதப்படுகிறது.

இத்துடன் இக்கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது.

ஷஹ்பாஸ்


கூத்தாநல்லூர்,
8-9-1997

அன்புள்ள தங்கை ஹலீமாவுக்கு,

ஸலாம். உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். நேரில் வந்திருக்க வேண்டும். உன் வீட்டு வாசலில் நின்று சொல்லும் துணிவு இல்லாததால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து அவருடையது. ஆனால் பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அதில் ஸலாம் இல்லை, யாருடைய நலமும் கேட்கப்படவில்லை, உன் பெயர் இல்லை. வற்புறுத்திப் பெற்ற சம்மதம் செல்லாது என்பதைச் சட்டப் புத்தகத்தைத் திறக்காமலே என்னால் சொல்ல முடியும். அதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

நான் கல்நெஞ்சன் என்றும் கோழை என்றும் நீ நினைக்கலாம். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. உன்னிடம் மறைத்தது தவறு. அதற்கு வாதம் எதுவும் இல்லை.

கையெழுத்திடவே கூடாது என்று பத்து வாரம் இருந்தேன். அந்த ஆசிரியர்கள் எனக்கும் யாரோதான். ஆனாலும் அவர்கள் யாரை நம்பி எழுதுகிறார்கள் என்று யோசித்தால், கடைசியில் அது என் வீட்டுக் கதவு எண்ணில் வந்து நின்றது. ஜூலையில் இரு தரப்புக்கும் கனமாக ஒரு பதில் எழுதி அனுப்பினேன். அது அங்கே போய்ச் சேர்ந்த வாரத்தில்தான் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். தேதிகளைப் பார்த்துவிட்டேன்.

இன்று அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். கையெழுத்திடுகிறேன். ஆனால் அவசரப்பட்டு இட்டு அனுப்பிவிட்டால், அதன்பின் அவர்களுக்கு மாப்பிள்ளை தேவையில்லை; அவரை அனுப்பவேண்டிய காரணமும் இல்லை. அதனால் கொஞ்சம் பொறு. இது வாய்தா அல்ல.

அவர் உயிரோடு, உடலோடு, என் எதிரில் வந்து உட்கார்ந்தால்தான் பேனாவைத் திறப்பேன்.

உன் அண்ணன்


கூத்தாநல்லூர்,
9-9-1997

மதிப்பிற்குரிய திரு. வைத்தியலிங்கம் அவர்களுக்கு,

தாங்களும் குடும்பத்தாரும் நலம் என நம்புகிறேன். சென்ற முறை தேநீர் அருந்தாமல் சென்றது எங்கள் வீட்டில் குறையாகவே இருக்கிறது.

அல்வாராவின் பெயர்ப் பட்டியலை அமைச்சகத்துக்கு மாற்றிக்கொடுக்க நான் சம்மதிக்கிறேன். மாற்றுக் கடிதத்தோடு இருநூற்றுப் பதினான்கு பெயர்களும் அவற்றின் எண்களும் கொண்ட விவரப் பட்டியல் இணைக்கப்பட வேண்டும். எந்தச் சொத்தை எழுதிக்கொடுத்தாலும் அதன் விவரத்தைப் படித்து, சரிபார்த்து, பக்கத்துக்குப் பக்கம் ஒப்பமிடுவது என் வழக்கம். இந்த எண்களைப் படிக்க எனக்குத் தெரியாது. தெரிந்தவர் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஷஹ்பாஸ் ஒருவரே.

எங்கள் வட்டாரத்தில் ஒரு மா நிலம் கைமாறினாலும் சம்பந்தப்பட்டவர்கள் பதிவு அலுவலகத்தில் நேரில் தோன்ற வேண்டும். ஒரு நாட்டின் பெயர் கைமாறுவதற்கு அதற்குக் குறைந்த முறையை நான் ஏற்பதற்கில்லை. ஆகவே திரு. ஷஹ்பாஸ் தம் பாஸ்போர்ட்டுடன் மன்னார்குடிக்கு நேரில் வந்து, நோட்டரி முன்னிலையில் விவரப் பட்டியலை எனக்கு வாசித்துக்காட்ட வேண்டும். அன்றே, அந்த மேசையிலேயே கையெழுத்திடுவேன். அமைச்சகம் தன் அலுவலரையும் அனுப்பலாம். ஷஹ்பாஸ் அதன்பின் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை என்பதையும் அமைச்சகம் எழுத்தில் தர வேண்டும்.

வேறு எந்த வகையிலும், எவர் கேட்டும், எந்தத் தாளிலும் நான் கையெழுத்திடப் போவதில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஜெக்கரியா, வழக்கறிஞர்


முத்துப்பேட்டை,
2-12-1997

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். நலமாக இருக்கிறேன். ஹலீமா நான் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்க்கிறாள். மூன்று வாரத்தில் ஐந்து கிலோ ஏறிவிட்டேன்.

இருபது மைலில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேனே என்று நினைப்பீர்கள். நீங்கள் இரண்டு முறை ஆள் அனுப்பினீர்கள். வருகிறேன், கொஞ்ச நாள் போகட்டும்.

மன்னார்குடியில் நோட்டரி மேசையில் நான் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். நீங்கள் தலையை அசைத்து அசைத்து ஒப்பமிட்டீர்கள். நூற்று அறுபத்தெட்டாவது பெயரை நான் வாசித்தபோது உங்கள் பேனா ஒரு கணம் நின்றது. நீங்களும் நிமிரவில்லை, நானும் நிமிரவில்லை. அமைச்சகத்து அலுவலர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பெயர் துறைமுகம். வாசித்தேன். நீங்கள் ஒப்பமிட்டீர்கள்.

வெளியே வந்தபோது சிங்காரவேலு, "என்ன சார், ஒரு நாட்டையே எழுதிக் குடுத்திருக்கோம், இருபது ரூபா பத்திரம்தானா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். வைத்தியலிங்கம்தான் அதிகமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். ஆகஸ்டில் நான் எழுதிய கடிதத்தை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியதாக நீங்கள் நினைத்திருப்பீர்கள். அப்படியே இருக்கட்டும்.

காலையில் அலையாத்திக் காட்டுப் பக்கம் படகுத்துறைவரை நடக்கிறேன். மாலையில் மறுபடியும் நடக்கிறேன். திருத்துறைப்பூண்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வைக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

அனீஸா அக்காவுக்கு என் ஸலாம்.

ஷஹ்பாஸ்


(ஆங்கிலத்தில் வந்தது. அஞ்சல் முத்திரை வேறொரு நாட்டுடையது.)

12-1-1998

நிர்வாகப் பொறுப்பாளர் டாக்டர் ஜெக்கரியா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாடு தாண்டிச் செல்லும் ஒருவர் மூலம் இதை அனுப்புகிறேன்; பதிலை உறையில் உள்ள அவர் முகவரிக்கு எழுதினால் என்னிடம் சேரும். என் பெயரை எழுதாததற்கு மன்னிக்கவும். நான் அல்வாரா ஆசிரியர் சங்கத்தின் செயலாளர். பெயர்ப் பட்டியலின் பழைய அச்சுப் பிரதி ஒன்றில் தங்கள் முகவரி கிடைத்தது.

நவம்பர் மத்தியிலிருந்து எங்களுக்கு ஒரு கடிதமும் வருவதில்லை. எழுதியவர்களோ, கடிதம் போய்ச் சேர்ந்ததாகவே அவர்களுடைய கணினி காட்டுகிறது என்கிறார்கள். அப்படி எங்களுக்கு எழுதியவர்களில் ஒன்பது ஆசிரியர்கள் விசாரணைக்கு அழைக்கப்பட்டார்கள். அவரவர் எழுதிய வரிகளையே அவரவருக்கு வாசித்துக்காட்டினார்களாம். ஆறு பேர் திரும்பிவிட்டார்கள். மற்ற மூவரைப் பற்றித் தகவல் இல்லை.

ஏதோ இயந்திரக் கோளாறு என்று நினைக்கிறோம். எங்கள் பெயருக்கு எதிரே உள்ள எண்ணைத் தாங்கள் ஒருமுறை சரிபார்த்தால் எல்லாம் சீராகிவிடும். தங்கள் அனுமதியின்றி அதை யாரும் மாற்ற முடியாது என்று திரு. ஷஹ்பாஸ் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். எங்களுக்காக அவர் பல மாதங்கள் மறுத்தார் என்பதையும் அறிவோம். அவர் இப்போது எங்கே இருக்கிறார்? நலமா?

தங்களை நம்பியிருக்கும்,
செயலாளர்


(ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ்ப் படி. ஜெக்கரியாவின் கையெழுத்தில்.)

கூத்தாநல்லூர்,
4-2-1998

மதிப்பிற்குரிய அம்மா அல்லது ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் நோன்புப் பெருநாளுக்கு முந்தைய தினம் கிடைத்தது. திரு. ஷஹ்பாஸ் என் தங்கையின் கணவர். அவர் நலம், தம் வீட்டில் இருக்கிறார். இக்கடிதத்தை நான் அவருக்குக் காட்டவில்லை. இனிமேலும் காட்டுவதாக இல்லை.

தங்கள் பெயருக்கு எதிரே உள்ள எண் இயந்திரக் கோளாறால் மாறவில்லை. அந்தப் பட்டியலை நான் அமைச்சகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். 1997 நவம்பர் 11 அன்று, மன்னார்குடியில், நோட்டரி முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன். அமெரிக்க அலுவலகத்தின் பழைய தாள்களில் மட்டும் என் பெயர் மிஞ்சியிருக்கிறது. எதையும் மாற்றும் அதிகாரம் இப்போது எனக்கு இல்லை. தங்களுக்கு எழுதுபவர்களிடம் எழுத வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பட்டியல் கைமாறினால் தங்கள் கடிதங்கள் யார் கையில் விழும் என்பது, நான் கையெழுத்திடுவதற்கு ஐந்து மாதம் முன்பே எனக்குத் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. புரியாமல் கையெழுத்திட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தங்கள் சங்கத்தின் பெயரை எனக்கு உரக்க வாசித்துக்காட்டினார்கள். அதன் பிறகே ஒப்பமிட்டேன்.

எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்றுதான் முப்பது ஆண்டுகளாக என் கட்சிக்காரர்களுக்குச் சொல்லிவருகிறேன். மாற்றுக் கடிதத்தில் "எவ்விதப் பிரதிபலனும் பெறாமல், என் முழு மனதுடன்" என்று நானே வாசகம் அமைத்தேன். அதன் பிற்பகுதி உண்மை. முற்பகுதி பொய். அவர்களிடமிருந்து நான் பெற்றுக்கொண்டேன்: ஒரு மனிதரை, பாஸ்போர்ட்டுடன், உயிரோடு. மறுபடி அந்த மேசைக்கு என்னைக் கூட்டிச்சென்றால் நான் வேறுவிதமாகச் செய்வேன் என்று தங்களுக்கு உறுதி தர இயலவில்லை.

அந்த மூவரின் பெயர்கள் தெரிந்தால் எழுதுங்கள். டெல்லியிலும் ஜெனீவாவிலும் மனு ஏற்கும் இடங்களுக்கு என் பெயரிலேயே அனுப்புகிறேன். பயன் உண்டாகும் என்று சொல்லமாட்டேன்.

இக்கடிதத்தைத் தாங்கள் எந்த மன்றத்திலும் எனக்கு எதிராகக் காட்டலாம். கையெழுத்து என்னுடையதுதான் என்று நேரில் வந்து சொல்வேன்.

ஜெக்கரியா